கானோ: பலெர்மோ பாவைக்கூத்தின் துரோகி

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவில், பல்லரோ சந்தையைச் சுற்றிய தெருக்களில் ஈழத்தமிழர் பலர் வாழ்கின்றனர். சந்தையிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில், 1975இல் தொடங்கப்பட்ட, அந்தோனியோ பஸ்குவாலினோவின் பெயர் தாங்கிய பாவை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே கவசம் பூண்ட மரப்பாவைகள் வரிசையாகத் தொங்கும். அவற்றுள் ஊரே வெறுத்த பாவை ஒன்றுண்டு. அதுவே கானோ.

'ஓபெரா தெய் பூப்பி' எனப்படும் இக்கூத்தை யுனெஸ்கோ 2001இல் மானுடப் பண்பாட்டுச் செல்வமாக அறிவித்தது. சார்லமேன் மன்னனின் வீரர்களைப் பற்றிய கதைகளே இதன் பொருள். நம்மூர்த் தோற்பாவைக்கூத்தில் இராமகாதை பல இரவுகள் நடப்பதுபோல, இதுவும் மாதக்கணக்கில் இரவுதோறும் தொடர்ந்து நடந்தது. 1858 முதல் 1860 வரை பலெர்மோவில் ஜூஸ்தோ லோதிகோ தொகுத்து வெளியிட்ட உரைநடை நூலே கூத்தர்களுக்குக் கைநூலாயிற்று. கானோ மேடைக்கு வந்தால் பார்வையாளர் வசைபாடுவர், கையில் கிடைத்ததை எறிவர் என்பர்.

கூத்தில் அவனுடைய துரோகத்துக்குத் தனிக்காரணம் அதிகம் தேவைப்படுவதில்லை. அவன் மகான்சா குலத்தவன். அந்தக் குலமே துரோகக் குலம். ஆனால் ஏறத்தாழ 1100ஆம் ஆண்டளவில் எழுந்த பிரெஞ்சுக் காப்பியமான 'ரோலானின் பாடல்' இவ்வளவு எளிதாக அவனைக் கைகழுவுவதில்லை. அங்கே அவன் பெயர் கானலோன். நாயகன் ரோலானுக்கு மாற்றாந்தந்தை. எதிரி மன்னனிடம் தூது செல்ல ரோலான் அவன் பெயரை முன்மொழிகிறான். முன்பு அங்கே தூது போன இருவர் தலை வெட்டப்பட்டவர்கள்! கானலோன் கொதிக்க, ரோலான் சிரித்துவிடுகிறான். அந்தச் சிரிப்பே வினையாகிறது. பின்னர் படையின் பின்காவலுக்கு ரோலானின் பெயரைக் கானலோன் முன்மொழிந்து, கொடுத்ததை அதே வழியில் திருப்பிக் கொடுக்கிறான்.

தமிழ் வாசகருக்கு இங்கே கூனி நினைவுக்கு வரவேண்டும். இராமன் சிறுவயதில் வில்லால் எறிந்த மண்ணுருண்டையை அவள் மறக்கவில்லை என்கிறான் கம்பன். சிறு அவமதிப்பு, பெரிய அழிவு. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கைகேயியின் மனம் திரிந்ததற்குத் தேவர்களின் மாயையையும் கம்பன் காரணமாகக் காட்டுகிறான். பிரெஞ்சுக் கவிஞனோ கானலோனுக்கு அப்படி எந்தச் சலுகையும் தரவில்லை. மனிதக் காழ்ப்பு மட்டுமே.

விசாரணையில் கானலோன் செய்ததை மறுப்பதில்லை. ரோலான் தன் பொன்னிலும் பொருளிலும் தனக்குத் தீங்கிழைத்தான், தான் செய்தது பழிவாங்கல், அரசத் துரோகம் அன்று என்கிறான். மன்னன் முன்னிலையிலேயே அவன் பகையை வெளிப்படையாக அறிவித்திருந்தானே! பிரபுக்கள் அவனை விட்டுவிடவே விரும்புகின்றனர். தியெரி ஒருவனே எதிர்க்கிறான்: ரோலான் மன்னனின் பணியில் இருந்தவன், ஆகவே அவனைக் கொன்றது மன்னனுக்கு இழைத்த துரோகம். வழக்கு இருவர் போரால் தீர்கிறது. கானலோன் நான்கு குதிரைகளால் கிழிக்கப்படுகிறான். பிணை நின்ற உறவினர் முப்பதுபேர் தூக்கிலிடப்படுகின்றனர்.

இந்த வாதத்தை வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. குலப்பகைக்கு இடமளித்த பழைய வழக்கத்துக்கும், மன்னனின் அதிகாரம் முதன்மை பெறும் புதிய முறைக்கும் இடையிலான இழுபறியே அது. ஆனால் எதிரி தந்த பொன்னையும் அணிகளையும் அவன் வாங்கிக்கொண்டான். தியெரியின் வாளுக்கு முன்பே அவன் வழக்கைப் பலவீனமாக்குவது அதுதான் என்பது என் எண்ணம். அண்ணனைப் பிரிந்து எதிரணி சென்ற வீடணனும் இலங்கையின் முடியைப் பெற்றான். அவனை நாம் ஆழ்வார் என்கிறோம்.

778இல் உண்மையாகவே நடந்த ரோன்சவால் தாக்குதலைப் பதிவுசெய்த ஐன்ஹார்ட், அதைச் செய்தவர்கள் பாஸ்க் மலைவாசிகள் என்கிறார். அவருடைய குறிப்பில் துரோகி எவனும் இல்லை.