‘நல்ல’ கொழுப்புக்குப் பேர் வைத்த கதை

கனடாவின் மார்க்கம் நகரில் எங்கள் ஆட்களின் பிறந்தநாள் வீடுகளில் ரோல்ஸ் தட்டு ஒரு சுற்று வருவதற்குள் பேச்சு இரத்தப் பரிசோதனைக்கு வந்துவிடும். “எனக்கு நல்ல கொழுப்பு 0.9 தானாம்” என்பார் ஒருவர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாமா, “எனக்கு 36” என்று நெஞ்சை நிமிர்த்துவார். அளவு முறைதான் வேறு. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்று. ஆணுக்கு 1.0, பெண்ணுக்கு 1.3 இருந்தால்தான் டொக்டர் முகம் சுளிக்கமாட்டார்.

இந்த ‘நல்லவர்’ முதலில் பிடிபட்டது குதிரை இரத்தத்தில். 1929இல் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் மிஷேல் மாஷபஃப் என்பவர், புரதத்தோடு ஒட்டிக்கொண்டு நீரில் கரைந்து நிற்கும் கொழுப்பைப் பிரித்தெடுத்தார். நீரோடு சேராத கொழுப்பு இரத்தத்தில் எப்படிப் பயணம் போகிறது என்ற புதிர் அதில் அவிழ்ந்தது. பிறகு அமெரிக்காவின் பெர்க்லியில் ஜான் கோஃப்மன் இரத்த நீரை அசுர வேகத்தில் சுழற்றி, தயிர் கடைவதுபோல, லேசானதையும் அடர்ந்ததையும் வேறாக்கினார். புரதம் கூடிய அடர்ந்த வகைதான் நம் ஆள். 1951இல் நியூயோர்க்கின் டேவிட் பார், இதய நோயாளிகளிடம் அது குறைவு என்று எழுதினார். பலர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கெட்ட கொழுப்பைத் துரத்துவதிலேயே எல்லாருக்கும் நேரம் போனது. 1975இல் மில்லர் என்ற பெயருள்ள இருவர் லான்செட் மருத்துவ இதழில் அதைத் திரும்பக் கிளப்பினார்கள். 1977இல் அமெரிக்காவின் ஃபிராமிங்காம் இதய ஆய்வு ஆமோதித்தது. ‘நல்ல’ என்ற பட்டம் ஊர்வாயில் ஒட்டிக்கொண்டது அதற்குப் பிறகுதான்.

2000இல் இந்த ஆராய்ச்சி எங்கள் வீட்டு வாசலுக்கே வந்தது. ஹமில்டன், ரொறன்ரோ, எட்மண்டன் நகரங்களில் சோனியா ஆனந்தின் குழு ஆராய்ந்தபோது, தெற்காசியரில் 11 சதவீதத்தினருக்கு இதய, இரத்தநாள நோய். ஐரோப்பிய வழியினரில் 5, சீனரில் 2. நல்ல கொழுப்பும் எங்களுக்குத்தான் குறைவு.

அப்படியானால் மாத்திரையால் ஏற்றிவிடலாமே? மருந்து நிறுவனமான ஃபைசர் செய்து பார்த்தது. அதன் டோர்செட்ரபிப் மாத்திரை நல்ல கொழுப்பை 72 சதவீதம் ஏற்றியது, மரணங்களும் கூடின. 2006 டிசம்பரில் சோதனையை நிறுத்திவிட்டார்கள். 2016இல் ஒன்ராறியோவாசிகள் 6,31,762 பேரின் பதிவுகளைப் பார்த்தவர்கள் இன்னொன்றைக் கண்டார்கள்: நல்ல கொழுப்பு குறைந்தவர்கள் இதயத்தால் மட்டுமல்ல, புற்றுநோயாலும் கூடுதலாக இறந்திருந்தார்கள், அவர்களில் வருமானம் குறைந்தவர்களும் அதிகம். மிக அதிகம் இருந்தவர்களுக்கும் ஆபத்து இருந்தது. அதை மாத்திரையால் ஏற்றப் போனது, குற்றவாளியைப் பிடிக்கப் போய், சாட்சியை அடித்த கதைதான்.

அதனால்தான் “0.9ஐ ஏற்ற என்ன குளிசை, டொக்டர்?” என்று கேட்டால், அவர் அந்த வரியை விட்டுவிட்டு ட்ரைகிளிசரைட்டையும் சர்க்கரையையும் பார்க்கிறார். பிறகு அளவு நாடாவை எடுத்து இடுப்பைச் சுற்றுகிறார்.