கடன் பத்திரத்தில் யாருடைய கையெழுத்து?

அமெரிக்க மஸில் கார்களைப் பற்றிய வரலாறுகள் ஏறக்குறைய எல்லாமே பானட்டைத் திறந்துதான் தொடங்குகின்றன. 1964ஆம் ஆண்டு மாடலில், ஜெனரல் மோட்டார்ஸின் பான்டியாக் பிரிவு, டெம்பெஸ்ட் என்ற நடுத்தர அளவுக் காருக்குள் 389 கன அங்குல வி8 எஞ்சினை வைத்தது. அந்த அளவுக் காருக்கு 330க்கு மேல் கூடாது என்பது நிறுவனத்தின் விதி. கூடுதல் வசதி என்று பட்டியலில் சேர்த்து விதியைத் தாண்டினார்கள். ஜி.டி.ஓ. பிறந்த கதை இது. இதைச் சொல்கிறவர்களின் குரலில், அப்பாவுக்குத் தெரியாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போன பையன்களின் பெருமிதம் இருக்கும்.

அந்தக் கார்களின் கவர்ச்சி பொய்யல்ல. எடை குறைந்த உடல், பெரிய காரின் எஞ்சின், இளைஞர்கள் தவணையில் வாங்கக்கூடிய விலை. டெட்ராய்ட்டின் வுட்வர்ட் அவென்யூவில் ஒவ்வொரு சிவப்பு விளக்கும் பந்தயத்தின் தொடக்கக் கோடானது. ஆக்சிலரேட்டரை மிதித்தால் முதுகு இருக்கையில் அழுந்தும். அதற்கு ஆண் முதுகு, பெண் முதுகு என்ற பேதம் கிடையாது. நியூயார்க் மாநிலத்தின் ஸ்கெனெக்டடி ஊர்த் தெருக்களில் பதின்வயதிலேயே பந்தயம் ஓட்டிப் பழகிய ஷர்லி மல்டௌனி, 1973இல் டிராக் பந்தயத்தின் மிக வேகமான பிரிவான டாப் ஃப்யூயலில் ஓட்ட உரிமம் பெற்ற முதல் பெண்ணானார். 1977, 1980, 1982 என மூன்று முறை அதில் தேசியப் பட்டம் வென்றார். வேகத்தின் மீது பெண்களுக்கு ஆசையில்லை என்பவர்கள் இந்த மூன்று ஆண்டுகளுக்கும் பதில் சொல்ல வேண்டும்.

ஃபோர்டு மஸ்டாங்கை நிபுணர்கள் ‘போனி கார்’ என்று தனியே வைப்பார்கள். ஆனால் பெரிய எஞ்சின் பொருத்திய மஸ்டாங்குகளை மஸில் கார் வரிசையில் சேர்க்க அவர்களும் தயங்குவதில்லை. 1964 ஏப்ரல் 17 அன்று நியூயார்க் உலகக் கண்காட்சியில் அது அறிமுகமானது. அதற்கு இரண்டு நாள் முன்பே, சிகாகோவில் ஒரு 22 வயதுப் பள்ளி ஆசிரியை வான்நீல நிற மஸ்டாங் ஒன்றை வாங்கிவிட்டார். பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் மஸ்டாங்காக இன்று சொல்லப்படுவது அதுதான். மேற்கூரையை மடக்கக்கூடிய வண்டி. உள்ளே வி8 எஞ்சின். விலை சுமார் 3,400 டாலர். பணம் பெற்றோர் கொடுத்த கடன்.

ஆனால் நிறுவனத்தின் கற்பனையில் பெண் வேறொருத்தி. ஹெலன் கர்லி பிரவுன் 1962இல் எழுதிய ‘செக்ஸ் அண்ட் த சிங்கிள் கேர்ள்’ நூலின் தலைப்பில் ஓரெழுத்தை மட்டும் மாற்றி, ஆறு சிலிண்டர் மஸ்டாங்கைத் தனித்து வாழும் பெண்ணுக்கு விளம்பரம் செய்தது ஃபோர்டு. அவளுக்கு ஆறே போதும், சிக்கனம்! இதற்குப் பத்தாண்டு முன்பு டாட்ஜ், கைப்பையும் உதட்டுச்சாய டப்பாவும் குடையும் சேர்த்து இளஞ்சிவப்பில் ஒரு காரைப் பெண்களுக்கென்றே விற்றுப் பார்த்தது. அது இரண்டு ஆண்டுகளில் நின்றுபோனது.

விளம்பரத்தையாவது பார்த்துச் சிரித்துவிட்டுப் போகலாம். கடன் கொடுப்பவரின் மேசையில் அது நடக்காது. அன்று மணமான பெண் கடன் கேட்டால் கணவரின் கையெழுத்தைக் கேட்பது வழக்கம். பிள்ளை பெற்றால் வேலையை விட்டுவிடுவாள் என்று கணக்கிட்டு, அவள் சம்பளத்தில் பாதியைத் தள்ளிவிடுவார்கள். சில இடங்களில் முழுவதையுமே. மணமுறிவு பெற்றவளுக்கோ, ஆண்டாண்டாகத் தவணை கட்டியும் கடன் வரலாறே இருக்காது. எல்லாம் கணவர் பெயரில் இருக்கும். மஸில் கார் காலம் முழுவதும் இதுவே நிலைமை. ஆகவே ‘இவை ஆண்கள் வாங்கிய கார்கள்’ என்பதை விருப்பத்தின் கணக்காக எடுத்துக்கொள்ள முடியாது.

பாலினத்தையும் மணநிலையையும் காரணம் காட்டிக் கடன் மறுப்பதைத் தடைசெய்யும் சம வாய்ப்புக் கடன் சட்டம் 1974 அக்டோபரில் கையெழுத்தானது. நடைமுறைக்கு வர மேலும் ஓராண்டு. அதற்குள் காப்பீட்டுக் கட்டணம், 1970இன் தூய காற்றுச் சட்டம், 1973இன் எண்ணெய்த் தடை எல்லாம் சேர்ந்து பெரிய எஞ்சின்களை ஒடுக்கிவிட்டன. அன்றைய ஜி.டி.ஓ.வின் கடைசி மாடல் 1974. அதே ஆண்டு வந்த மஸ்டாங் 2இல் வி8 எஞ்சின் கிடையாது. கறுப்பினப் பெண்ணுக்கு இந்தச் சட்டமும் பாதிதான். இனத்தின் பேரால் கடன் மறுப்பது அதன் தடைப்பட்டியலில் சேர்ந்தது 1976இன் திருத்தத்தில்.