தரங்கம்பாடியின் 99 கடிதங்கள்

தமிழ் அச்சு வரலாற்றைக் கூறுவோர் சீகன்பால்கு ஐயரை மறப்பதில்லை. செருமானியரான இவர் 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் கரையிறங்கினார். இலண்டனிலிருந்து வந்த அச்சுப்பொறியையும், ஆல்லே நகரில் வார்க்கப்பட்ட தமிழெழுத்துகளையும் கொண்டு, 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார். ஆயின், அதே ஆண்டுகளில் அவர் மேற்கொண்ட மற்றொரு பணியைப் பலர் அறியார். முகநூலிலும் புலனத்திலும் நாள்தோறும் எழுதிக் குவிக்கும் நம் காலத்தார்க்குப் பெரிதும் பயன்படுவது அதுவே.

1712-க்கும் 1714-க்கும் இடையில், சீகன்பால்கும் அவருடன் பணியாற்றிய கிரண்ட்லரும் கற்றறிந்த தமிழர் பலர்க்கு வினாக்களை எழுதியனுப்பினர். அவர்தம் சமயம் யாது, வழக்கங்கள் யாவை, கிறித்தவத்தை அவர் ஏற்காமைக்குக் காரணம் என்ன என்பன அவற்றுட் சில. தமிழில் வந்த விடைகள் செருமானிய மொழியில் பெயர்க்கப்பட்டன. 1714-இல் 55 கடிதங்களும் 1717-இல் 44 கடிதங்களுமாக ஆல்லேயில் அச்சேறின.

விடை எழுதியோர் முகமன் கூறி நிற்கவில்லை. ஐரோப்பியரின் குடிப்பழக்கத்தையும் தூய்மைக் குறைவையும் எடுத்துக்காட்டி, போதனைக்கும் நடத்தைக்கும் உள்ள இடைவெளியைச் சுட்டினர். அக்கடிந்துரைகளும் அச்சில் இடம்பெற்றன என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

இதனால் அப்பாதிரிமார் நடுநிலையாளர் என்று கொள்ளுதல் பொருந்தாது. மதமாற்றமே அவர்தம் நோக்கம். கடிதங்களுடன் தம் குறிப்புகளையும் சேர்த்தே வெளியிட்டனர். தமிழ் மூலங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. எனினும், மாற்றார் கூற்றைக் கேட்டுப் பதிவு செய்தமையால் அன்றைய தமிழர் குரல் ஓரளவேனும் நம்மை எட்டுகிறது.

இவ்வாறு கேட்டறிந்ததை வெளியிடுவது எளிதாகவும் இருக்கவில்லை. தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றிச் சீகன்பால்கு 1713-இல் எழுதிய நூலை ஆல்லேயிலிருந்த மேலோர் அச்சிட விரும்பவில்லை. 154 ஆண்டுகள் கழித்து, 1867-இல்தான் அது சென்னையில் வெளிவந்தது.

இன்றோ, பட்டர்வொர்த்தில் எழுதும் ஒரு வரி நொடிப்பொழுதில் நாகப்பட்டினம் சேர்கிறது. எழுதியதை வெளியிடலாமா என்று முன்னரே ஆராய்வார் இலர். ஆகவே அவ்வாராய்ச்சி எழுதுவோர் நெஞ்சிலேயே நிகழ வேண்டும். படைப்பாற்றல் இறைவன் அளித்த கொடை என்பது கிறித்தவர் கொள்கை. கொடையைப் பெற்றவன் அதற்குக் கணக்குக் கொடுக்கவும் கடமைப்பட்டவன் என்பதைத் தாலந்து உவமை உணர்த்தும். கேட்பதில் விரைவும் பேசுவதில் நிதானமும் வேண்டும் என்பது யாக்கோபின் நிருபம் தரும் அறிவுரை. வள்ளுவரும் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு அமையாது, கேள்விக்கும் தனி அதிகாரம் வகுத்தார்.

நம் மாணவர்க்கு எழுதும் கருவி கைக்கு வந்துவிட்டது. கேட்கும் பயிற்சி இன்னும் வரவில்லை. தம்மோடு உடன்படாத ஒருவரிடம் பணிவுடன் ஒரு வினாக் கேட்கவும், அவர் விடையைத் திரிக்காமல் எழுதவும் வகுப்பில் பழக்குதல் ஆசிரியர் கடன். தம்மைக் குறைகூறிய கடிதத்தையும் அச்சுக்கு அனுப்பிய தரங்கம்பாடிச் செயல் அதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டாகும்.