மோட் விற்பனை

ஒரு வீடியோ கேமின் நிரலையோ உருவங்களையோ விதிகளையோ ரசிகர்கள் மாற்றியும் கூட்டியும் செய்யும் இணைப்புக்கு மோட் என்று பெயர். மூல கேம் இல்லாமல் பெரும்பாலான மோட்கள் இயங்கா. அதனால், உழைத்தவர் அதை விலைக்கு விற்கலாமா என்ற கேள்வி உழைப்பை மட்டும் பார்த்துத் தீர்வதில்லை. அந்த உழைப்பு யாருடைய படைப்பின் மேல் நிற்கிறது என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. எடுத்துக்காட்டாக, 'டியூக் நியூகம் 3டி' என்ற கேமுக்காக ரசிகர்கள் உருவாக்கி இணையத்தில் ஏற்றியிருந்த 300 லெவல்களை மைக்ரோ ஸ்டார் நிறுவனம் தரவிறக்கி, 'நியூக் இட்' என்ற குறுந்தட்டாக விற்றது. அந்தக் கோப்புகளில் மூல கேமின் படங்கள் எதுவும் இல்லை. எந்தப் படம் எங்கே வர வேண்டும் என்ற குறிப்புகளே இருந்தன. ஆனாலும், அவை டியூக்கின் கதையைத் தொடர்கின்றன என்பதால், 1998இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமையாளர் பக்கமே நின்றது.

உரிமையாளர் இசைந்தால் மட்டும் போதாது என்பதை 2015 காட்டியது. அந்த ஆண்டு ஏப்ரல் 23 அன்று ஸ்டீம் விற்பனைத் தளத்தை நடத்தும் வால்வும் 'ஸ்கைரிம்' கேமின் உரிமையாளரான பெதஸ்டாவும் அந்த கேமின் மோட்களை அத்தளத்தில் விற்க வழி திறந்தன. வருவாயில் 25 விழுக்காடு மோட் செய்தவருக்கு. மீதி இரு நிறுவனங்களுக்கு. விற்பனைக்கு வந்த மீன்பிடி மோட் ஒன்றில் வேறொருவர் செய்த அசைவூட்டம் கலந்திருந்ததால் அது உடனே விலக்கப்பட்டது. கடும் எதிர்ப்பால் நான்கே நாளில், ஏப்ரல் 27 அன்று, திட்டமே கைவிடப்பட்டு வாங்கியவர்களுக்குப் பணம் திருப்பித் தரப்பட்டது.

பணம் நுழைந்தால் பகிர்ந்து வாழும் பண்பாடு கெடும் என்பது எதிர்ப்பாளர்களின் முதன்மை வாதம். ஒரு மோட் இன்னொன்றைச் சார்ந்திருக்கும் சூழலில் இந்த அச்சத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனால் 1999இல் வால்வின் 'ஹாஃப்-லைஃப்' கேமுக்கு மோடாகப் பிறந்த 'கவுன்டர்-ஸ்ட்ரைக்' அடுத்த ஆண்டே வால்வின் விற்பனைப் பொருளானது. 2015இல் இலவச ஸ்கைரிம் மோடாக வந்த 'தி ஃபர்காட்டன் சிட்டி' 2021இல் தனி கேமாகவே விற்பனைக்கு வந்தது. இரண்டிலும் உரிமை யாருடையது என்பதில் குழப்பமில்லை. 2015இல் சண்டையை மூட்டியது விலை மட்டுமல்ல, உரிமை பற்றிய தெளிவின்மையும்தான். விற்பனை எதற்கு, நன்கொடை போதுமே என்பார்கள் சிலர். நன்கொடை நன்றிக்கடன், கூலி ஆகாது. கேம் புதுப்பிக்கப்பட்டதும் மோட் உடைந்தால் வாங்கியவர் கதி என்ன என்ற கேள்வி இன்னும் வலுவானது. இலவசமாகக் கொடுத்தவரிடம் யாரும் கணக்குக் கேட்க முடியாது. காசு வாங்கியவர் பதில் சொல்லியாக வேண்டும். ஆகவே மூல உரிமையாளரின் அனுமதி, உள்ளே கலந்த பிறர் உழைப்புக்கு அவர்களின் எழுத்துமூல இசைவு, பழுதானால் சீர்செய்யும் அல்லது பணம் திருப்பும் பொறுப்பு ஆகிய மூன்றும் இருந்தால் மோடை விற்பது நியாயமே. ஒன்று குறைந்தாலும் அது இலவசமாக இருப்பதே முறை.