ஆறு பேர், ஒரு டேபிள்... ஜமைக்கன் ஹோட்டலில் என்ன ஆர்டர் பண்ணலாம்?

லண்டன், பிரிக்ஸ்டன் ஏரியாவில் ஃப்ரெண்ட்ஸ் ஆறு பேர் டின்னருக்குக் கிளம்புறீங்கன்னு வெச்சுக்குவோம். ஒரு சின்ன ஜமைக்கன் ஹோட்டல். உள்ளே நாலைந்து டேபிள்தான். மெனுவைப் பார்த்தா அக்கி, பேமி, ஃபெஸ்டிவல்னு எதுவுமே பிடிபடலை. கடைசியில் ஆறு பேரும் சிக்கனையே சொல்லிட்டு வந்துடுவீங்க.

அங்கேதான் மிஸ் பண்றீங்க. ஜமைக்கா சாப்பாட்டை டேபிள் நடுவுல வெச்சு எல்லோரும் பகிர்ந்து சாப்பிடணும். அந்தத் தீவுக்கு யார் வந்தாங்க, எப்படிக் கொண்டுவரப்பட்டாங்கன்னு ஒவ்வொரு பிளேட்டும் ஒரு கதை சொல்லும்.

ஏன் பிரிக்ஸ்டன்?

1948 ஜூனில் 'எம்பயர் விண்ட்ரஷ்' கப்பல் கரீபியன் தீவுகளிலிருந்து நூற்றுக்கணக்கானவர்களை இங்கிலாந்துக்குக் கொண்டுவந்தது. தங்க இடமில்லாதவர்களை கிளாப்ஹம் சவுத்தில், போர்க்காலத்தில் கட்டிய பாதாளப் பதுங்கிடத்தில் தங்கவைத்தார்கள். வேலை தேடி அவர்கள் போன அலுவலகம் பக்கத்தில் பிரிக்ஸ்டனில் இருந்தது. அங்கேயே வீடு பிடித்தார்கள், கூடவே அவர்கள் சமையலும் வந்தது.

ஜெர்க் சிக்கன்

அடிமைத்தனத்திலிருந்து தப்பி ஜமைக்கா மலைகளுக்குள் ஓடியவர்கள் மரூன்கள். காட்டுப்பன்றி இறைச்சியில் மசாலா தடவி, நெருப்பில் வாட்டிச் சாப்பிட்டார்கள். அதுதான் ஜெர்க். நம்ம ஊர்க் கடைகளில் ஆல்ஸ்பைஸ்னு கிடைக்கிற பிமென்ட்டோவும், ஸ்காட்ச் பானெட் மிளகாயும் இதன் உயிர். குடமிளகாயின் குட்டித் தம்பி மாதிரி இருக்கும் அந்த மிளகாய், காரத்தில் நம்ம பச்சை மிளகாயைத் தூக்கிச் சாப்பிட்டுடும்!

அக்கி அண்ட் சால்ட்ஃபிஷ்

ஜமைக்காவின் தேசிய உணவு. பார்க்க முட்டைப் பொரியல் மாதிரியே இருக்கும். ஆனால், அக்கி ஒரு பழம், மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது. கூடச் சேரும் உப்பிட்ட காட் மீன், கரும்புத் தோட்டங்களில் அடிமைகளுக்கு மலிவாகப் போடப்பட்ட தீனி. அதையே ருசியாக்கி, ஒரு நாட்டின் அடையாளமாக மாற்றிவிட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை: மரத்திலேயே தானாக வெடித்துத் திறக்காத அக்கி விஷம். அதில் உள்ள ஹைப்போகிளைசின் உயிரையே பறிக்கலாம். இதனால் 1973-ல் அமெரிக்கா இறக்குமதியைத் தடை செய்தது. 2000-ல்தான் பரிசோதிக்கப்பட்ட டின் அக்கிக்கு அனுமதி கிடைத்தது. அதனால் காயை வாங்கி வீட்டில் ட்ரை பண்றேன்னு கிளம்பாதீங்க.

கறி கோட்

இது நம்ம பக்கத்துக் கதை. அடிமை முறை ஒழிந்த பிறகு, தோட்ட வேலைக்கு 1845 முதல் இந்தியர்களை ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுபோனார்கள். பெரும்பாலும் கல்கத்தா வழியாகவும், சிலர் மெட்ராஸ் வழியாகவும் போனார்கள். 1917 வரை போனவர்கள் சுமார் 36,000 பேர். அவர்களோடு போன மசாலாதான் இன்று ஜமைக்கா கல்யாண வீடுகளில் ஆட்டுக்கறியாகக் கொதிக்கிறது. மஞ்சள் தூக்கலாக, பிமென்ட்டோ வாசத்தோடு இருக்கும். வாயில் வைத்ததும் 'இது எங்கேயோ சாப்பிட்ட மாதிரி இருக்கே'ன்னு தோணும்.

ஆக்ஸ்டெயில்

மாட்டு வால். ஒரு காலத்தில் யாரும் சீண்டாத மலிவான பாகம். மணிக்கணக்கில் வேகவைத்து, பட்டர் பீன்ஸ் சேர்த்துக் கெட்டியான கிரேவியாக்குவார்கள். இன்று பல கடைகளில் மெனுவிலேயே காஸ்ட்லி ஐட்டம் இதுதான்.

சைடு டிஷ்

'ரைஸ் அண்ட் பீஸ்'ல பட்டாணி இருக்காது. தேங்காய்ப் பாலில் ராஜ்மா சேர்த்து வேகவைத்த சாதம் அது. ஃபெஸ்டிவல், லேசா இனிக்கும் சோளமாவுப் பொரியல். பேமி, மரவள்ளிக்கிழங்கு ரொட்டி. கொலம்பஸ் 1494-ல் வந்து இறங்கும் முன்பே தீவில் வாழ்ந்த டைனோ மக்களின் உணவு. நோயிலும் கொத்தடிமை வேலையிலும் அந்தச் சமூகம் சிதைந்துபோனது. ரொட்டி மட்டும் நம்ம டேபிள் வரை வந்திருக்கு.

ஆர்டர் பண்ணும் முன்...

* மாடு, பன்றி சாப்பிடாதவங்க யாருன்னு முதலில் கேட்டுக்கோங்க.
* வெஜிடேரியன் இருந்தா 'ஐட்டல்' உணவு இருக்கான்னு கேளுங்க. ரஸ்தஃபாரி மக்களின் இறைச்சியில்லாத சமையல் இது. கலலூ, நம்ம தண்டுக்கீரை குடும்பம்தான். ஆனால், அதில் உப்பு மீன் சேர்ப்பதும் உண்டு, உஷார்.
* ஆறு பேருக்கு ஜெர்க், கறி கோட், ஆக்ஸ்டெயில், அக்கி தலா ஒன்று, ரைஸ் அண்ட் பீஸ் மூன்று, ஃபெஸ்டிவல், பேமி ஒவ்வொரு பிளேட். இதிலிருந்து ஆரம்பிக்கலாம்.
* சின்னக் கடைகளில் அன்றைக்கு வெச்ச பாத்திரம் காலியானா அவ்வளவுதான். ஆறு பேர் வர்றோம்னு போன் பண்ணிச் சொல்லிடுங்க.
* பெப்பர் சாஸை முதலில் ஒரு சொட்டு மட்டும்!

1962-ல் சுதந்திரம் பெற்ற ஜமைக்காவின் தேசிய வாசகத்துக்கு, 'பலரிலிருந்து ஒரே மக்கள்' என்று அர்த்தம். அந்தப் பலரில் பெரும்பாலானவர்கள் விரும்பி வந்தவர்கள் இல்லை. பிளேட்டை அடுத்தவர் பக்கம் நகர்த்தும்போது, அதையும் கொஞ்சம் பேசிக்கிட்டே சாப்பிடுங்க.