மாட்டுங்காவின் தொழுநோய் இல்லம்

பம்பாய்த் தெருக்களில் வீடின்றித் திரிந்த தொழுநோயாளிகளுக்காக மாட்டுங்காவில் 1890-இல் ஓர் இல்லம் திறக்கப்பட்டது. முன்னின்றவர் மாநகராட்சி ஆணையர் ஆக்வொர்த்; மராத்திய வீரப் பாடல்களை ஆங்கிலத்தில் பெயர்த்தவரும் இவரே. நோக்கம் முழுக்கக் கருணை என்று சொல்லிவிட முடியாது. நோயாளிகளை நகரத்தின் கண்ணிலிருந்து அகற்றுவதும் அதில் அடங்கியிருந்தது.

நோய்க்கிருமியை நார்வேயின் ஹான்சன் 1873-இலேயே கண்டிருந்தார். ஆனால் நோய் எப்படிப் பரவுகிறது என்பதில் தெளிவில்லை. 1890-91-இல் இந்தியாவில் சுற்றி ஆய்ந்த தொழுநோய் ஆணையம், தொற்றும் வாய்ப்பு மிகக் குறைவு, கட்டாயத் தனிமை வேண்டாம் என்றது. அச்சம் அறிக்கையைக் கேட்கவில்லை. 1898-இல் வந்த சட்டம், பிச்சையெடுக்கும் நோயாளிகளைப் பிடித்து அடைக்க வழிசெய்தது. வசதியுள்ளவர் வீட்டிலேயே மறைந்து வாழ, ஏழைக்கு மட்டுமே மதில் எழும்பியது.

மருந்து வெகுகாலம் சால்மூக்ரா எண்ணெய்தான்; ஊசி போட்ட இடம் வலிக்கும், பலனோ சொற்பம். 1940-களில் டாப்சோன் வந்தது. நாளடைவில் கிருமி அதற்கும் பழகிவிடவே, 1981-இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது.

இதற்கிடையே பம்பாயின் பரேலில் இருந்த இந்தியப் புற்றுநோய் ஆய்வு மையத்தில், தொழுநோயாளியின் திசுவிலிருந்து ஒரு நுண்ணுயிர் வளர்க்கப்பட்டது. அதிலிருந்து உருவான தடுப்பூசி, 1990-களில் செங்கல்பட்டுப் பக்கத்துச் சோதனையிலும் இடம்பெற்றது. 1976-இல் தொடங்கிய பம்பாய்த் தொழுநோய்த் திட்டம், தமிழர் நெருங்கி வாழும் தாராவிக்குள்ளேயே சென்று நோயாளிகளைத் தேடியது. 1898-ஆம் ஆண்டுச் சட்டம் 2016-இல்தான் நீக்கப்பட்டது.