கேட்கப்படாத கேள்வி: பெருந்தொற்றும் இரண்டு பழைய சட்டங்களும்

2020 மார்ச்சில் இந்திய மருத்துவமனைகளின் அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இரண்டு காலனியச் சட்டங்கள் சந்தித்துக்கொண்டன. ஒன்று, பம்பாய்ப் பிளேக்கை ஒட்டிப் பிறந்த 1897ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டம். கொரோனாவை எதிர்கொள்ள மாநிலங்கள் அதனையே கையில் எடுத்தன. மற்றொன்று, 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம். அதன் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்று பிழைத்தவரை ஓராண்டு வரை சிறையிலிட இடமளித்தது. முன்னது நோயுற்றவரைக் கண்காணிக்கப்பட வேண்டியவராகவும், பின்னது துயருற்றவரைக் குற்றவாளியாகவும் கண்டது.

இங்கிலாந்து இக்குற்றத்தை 1961இலேயே நீக்கிவிட்டது. இங்கோ, உச்ச நீதிமன்றம் 1994இல் 309ஆம் பிரிவைச் செல்லாதென்றது. 1996இல் கியான் கவுர் வழக்கில் அரசியல் சாசன அமர்வு அதற்கு மீண்டும் உயிரளித்தது. 2018 மே 29இல் நடைமுறைக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 115ஆம் பிரிவே நிலையை மாற்றியது. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருதவேண்டும், தண்டிக்கலாகாது, சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பது அரசின் கடமை என்றது அது. ஆயினும் 309ஆம் பிரிவு 2024 ஜூலை வரை ஏட்டில் நீடித்தது. பெருந்தொற்று வந்தது இவ்விடைக்காலத்தில்தான்.

தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின்படி 2019இல் 1,39,123 பேரும், 2020இல் 1,53,052 பேரும், 2021இல் 1,64,033 பேரும் தற்கொலையால் மாண்டனர். 2020இல் இறந்தோரில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் தினக்கூலித் தொழிலாளர். இக்கணக்கைத் தொகுப்பது குற்ற ஆவணக் காப்பகம் என்பதே ஒரு வரலாற்றுச் சான்று. மேலும், இது இறந்தோர் கணக்கு மட்டுமே. மூச்சுத்திணறலென்றும் நெஞ்சுவலியென்றும் வந்தவரிடம் காய்ச்சல் உண்டா, வெளியூர் சென்றீர்களா என்று கேட்டோம். வாழ விருப்பமற்ற எண்ணம் எழுகிறதா என்று கேட்பது வழக்கமாகவில்லை. முயன்று பிழைத்தவரின் குடும்பமோ, காவல்துறைக்கு அஞ்சித் ‘தவறுதலாக நேர்ந்தது’ என்று எழுதச் சொல்லும். சட்டம் மாறியபின்னும் அச்சம் மாறவில்லை.

கேட்பதனால் அவ்வெண்ணம் தோன்றிவிடாது. ஆய்வுகள் இதனைத் தெளிவாக்கியுள்ளன. கேட்கப்பட்டவருக்குப் பேச ஒரு வாயில் திறக்கிறது. எனவே, ஆவணங்களின் மௌனத்தைத் துயரமின்மை என்று வாசிப்பது நம் ஆய்வின் பிழையாகும். அடுத்த தொற்றுக்கு முன் அவசரப் பிரிவின் படிவத்தில் அக்கேள்விக்கு ஓரிடம் வேண்டும்.

இதனைப் படிக்கும் எவருக்கேனும் அவ்வெண்ணம் இருப்பின், 14416 என்னும் டெலி மானஸ் எண்ணை எந்நேரமும் அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.